கைக்குள் அடங்கும் துப்பாக்கி: வாசகர் கேள்வி – பதில்

டெக்சஸ் மாநிலத்தில் 21 வயது நிறைந்து, சட்டப்படி தடை ஏதும் இல்லாத ஒருவர், 2021ஆம் ஆண்டு செப்டம்பர் 1 முதல் உரிமம் இல்லாமலேயே கைத்துப்பாக்கியை உடம்போடு எடுத்துச் செல்லலாம் என்பதைச் சென்ற இதழில் விளக்கியிருந்தேன். அதைப் படித்துவிட்டு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை, வெளியே தெரியாமல் வைத்துக்கொள்ள எந்தத் துப்பாக்கி ஏற்றது என்ற கேள்வியைச் சுற்றியே இருந்தன. பன்னிரண்டு ஆண்டுகளாக இம்மாநிலத்தில் கைத்துப்பாக்கிப் பயிற்சி அளித்து வருபவன் என்ற முறையில் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: ஹூஸ்டனுக்கு அருகில் மருந்துக் கடை நடத்துகிறேன். வயது 52, அமெரிக்கக் குடியுரிமை பெற்றவள். இரவு பத்து மணிக்குக் கடையைப் பூட்டிவிட்டுத் தனியே காருக்கு நடக்க வேண்டியிருக்கிறது. துப்பாக்கிக் கடையில், "பெண்களுக்கு இதுதான் சரி" என்று உள்ளங்கை அளவே உள்ள ஒரு பிஸ்டலை எடுத்துக் காட்டினார்கள். எனக்குக் கட்டைவிரலில் மூட்டுவலி உண்டு. தோட்டாவை ஏற்றுவதற்குப் பின்னே இழுக்க வேண்டிய அதன் மேல்பகுதியை, அதாவது ஸ்லைடை, என்னால் இழுக்கவே முடியவில்லை. அப்படியானால், சுழலும் உருளையில் தோட்டா போடும் ரிவால்வர் வாங்குங்கள் என்றார்கள். எதை வாங்குவது?

பதில்: கடைக்காரர் நல்ல எண்ணத்தில் சொல்லியிருக்கலாம், ஆனாலும் அந்த அறிவுரை தவறு. துப்பாக்கி சிறியதாக ஆக ஆக, அதை மறைப்பது எளிதாகிறது, அதைக் கொண்டு சுடுவது கடினமாகிறது. இந்த ஒன்றை மனத்தில் நிறுத்திக்கொண்டு கடைக்குள் நுழைந்தாலே பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

உங்களுக்குக் காட்டியது, .380 காலிபரில் (காலிபர் என்பது குண்டின் பருமனைக் குறிக்கும் அளவு) வரும் ரூகர் எல்சிபி போன்ற ஒன்றாக இருக்க வேண்டும். அதன் எடை, தோட்டா இல்லாமல், சுமார் 270 கிராம். தோட்டா முன்னே பாயும்போது துப்பாக்கி பின்னே உதைக்கிறது. கனமான துப்பாக்கி அந்த உதையைத் தானே வாங்கிக்கொள்ளும், இலேசானது உங்கள் கையிடம் ஒப்படைத்துவிடும். பிடியும் குட்டையாக இருப்பதால் சுண்டுவிரலுக்கு இடம் கிடைக்காது. மற்ற விரல்கள் மட்டுமே பிடித்திருக்கும்போது ஒவ்வொரு குண்டுக்கும் துப்பாக்கி கைக்குள் நகர்ந்துவிடும்.

குறி பார்ப்பதிலும் இதே சிக்கல்தான். துப்பாக்கியின் மேல் பின்பக்கம் ஒரு பள்ளமும் முன்பக்கம் ஒரு முள்ளும் இருக்கும். இவ்விரண்டுக்கும் இடையிலான தூரம் குறைந்தால், கை சற்றே நடுங்கினாலும் குண்டு வெகுவாக விலகும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: அந்தத் தூரம் 150 மில்லிமீட்டர் என்றால், முள் ஒரு மில்லிமீட்டர் தவறும்போது ஏழு மீட்டருக்கு அப்பால் குண்டு சுமார் 47 மில்லிமீட்டர் தள்ளிப் படும். தூரம் 90 மில்லிமீட்டராகச் சுருங்கினால் அதே தவறு 78 மில்லிமீட்டராகிவிடும். பதற்றத்தில் கை ஒரு மில்லிமீட்டரோடு நிற்காது என்பதையும் சேர்த்து எண்ணிக்கொள்ளுங்கள்.

ஸ்லைடை இழுக்க முடியாமல் போனதற்கு உங்கள் கட்டைவிரல் மட்டும் காரணமன்று. சுட்டவுடன் ஸ்லைடு பின்னே ஓடிவந்து திரும்ப வேண்டும். ஸ்லைடு இலேசாக இருந்தால், அதன் ஓட்டத்தை அடக்க அதற்கேற்ற வலுவான ஸ்பிரிங் வைத்தாக வேண்டும். ஆகவே கையடக்கமாகத் தோன்றும் பிஸ்டல் பல சமயங்களில் இழுப்பதற்கு முரட்டுத்தனமாக இருக்கும். இழுக்கும் முறையையும் மாற்றிப் பாருங்கள். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையே கிள்ளுவதுபோல் பிடிக்காமல், இடக்கையின் நான்கு விரல்களையும் ஸ்லைடின் மேலே குறுக்காக வைத்து, உள்ளங்கையின் அடிப்பகுதியோடு சேர்த்து இறுக்கி, அதை அசையாமல் நிறுத்திக்கொண்டு, வலக்கையால் பிடியை முன்னே தள்ள வேண்டும். குழல் எப்போதும் இலக்கின் பக்கமே இருக்க வேண்டும். விரல் டிரிகருக்கு வெளியே இருக்க வேண்டும். தோள் வேலை செய்யத் தொடங்கினால் கட்டைவிரலுக்கு வேலை குறையும்.

ரிவால்வருக்கு இந்தத் தொல்லை இல்லை என்பது உண்மை. ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் 642 போன்ற சிறு ரிவால்வரில் ஐந்து தோட்டாக்கள் போட்டு மூடினால் போதும்; தோட்டாவை வெடிக்கத் தட்டும் சுத்தியல் வெளியே நீட்டிக்கொண்டு துணியில் சிக்குவதும் கிடையாது. ஆனால் ஒவ்வொரு குண்டுக்கும் டிரிகரை ஏறத்தாழ ஐந்து கிலோ அழுத்தத்துடன் நீண்ட தூரம் இழுக்க வேண்டும். சாதாரண பிஸ்டலில் இது ஏறக்குறைய பாதிதான். எடையும் 400 கிராமை ஒட்டியதே, உதையும் கடுமை.

என் வகுப்புக்கு வந்த ஓர் அம்மையார் மகன் பரிசாகக் கொடுத்த குட்டி ரிவால்வரோடு வந்தார். முதல் ஐந்து குண்டுகள் அட்டையின் நடுவில் அழகாக விழுந்தன. இருபதாவது குண்டுக்கு அவர் டிரிகரைத் தொடுவதற்கு முன்பே கண்களை இறுக மூடிக்கொண்டார். நிறுத்தச் சொல்லிக் கையைப் பார்த்தேன். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவிலுள்ள சதை சிவந்து, தோல் உரியும் நிலையில் இருந்தது. அவருக்குத் துப்பாக்கியின் மேல் பயம் வந்துவிட்டது; அந்தப் பயத்தைப் போக்க, பெரிய துப்பாக்கியைக் கையில் கொடுத்து நான்கு வாரம் பழக்க வேண்டியிருந்தது. பயிற்சி செய்ய மனம் வராத துப்பாக்கியால் யாருக்கும் பாதுகாப்பு இல்லை.

உங்கள் கைக்கு நான் முதலில் எடுத்துத் தருவது, ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் நிறுவனத்தின் ஷீல்டு ஈஸி. ஸ்லைடை எளிதாக இழுக்க வேண்டும் என்பதற்காகவே வடிவமைக்கப்பட்ட பிஸ்டல் இது; .380 காலிபரில் 2018இலும், 9 மில்லிமீட்டரில் 2020இலும் வந்தது. பிடிக்குள் செருகும் தோட்டாப் பெட்டியான மேகசினில் எட்டுத் தோட்டாக்கள் கொள்ளும். பிடியின் பின்புறம் அழுந்தினால் மட்டுமே சுடும் வகையில் ஒரு பாதுகாப்புப் பட்டையும் உண்டு. பழைய துப்பாக்கியாக வாங்குவதானால் ஓர் எச்சரிக்கை: 2020இல் தயாரான 9 மில்லிமீட்டர் ஈஸிகளில் ஒரு பகுதியை, சுத்தியலில் இருந்த குறைக்காக நிறுவனமே திரும்பப் பெற்றுச் சரிசெய்து தந்தது, வரிசை எண்ணை நிறுவனத்திடம் சரிபார்க்காமல் வாங்க வேண்டாம்.

மூட்டுவலி அனுமதித்தால் சிக் சாவர் பி365-ஐயும் க்ளாக் 43எக்ஸ்-ஐயும் பார்க்கலாம். 2018இல் பி365 வந்தபோது, சுமார் அரைக் கிலோ எடையில், மூன்று அங்குலத்துக்குச் சற்றே கூடுதலான குழலோடு, பத்துத் தோட்டாக்கள் அடங்கியதைக் கண்டு நாங்கள் வியந்தோம். அதற்கு மூன்றாண்டுகள் முன்பு வந்த க்ளாக் 43-இல் ஆறுதான் கொள்ளும். க்ளாக் 43எக்ஸ்-இன் உடல் மெல்லியது, பிடி நீளமானது. ஆதலால் சுண்டுவிரலுக்கும் இடம் கிடைக்கும். இவற்றுக்கு மேலே க்ளாக் 19 இருக்கிறது: நான்கு அங்குலக் குழல், 15 தோட்டாக்கள். சுடுவதற்கு இதைப் போல் இதமானது குறைவு. ஆனால் கோடைக்கால மெல்லிய உடையில் மறைப்பது கடினம்.

பெயரைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். பல சுடுதளங்களில் இவை வாடகைக்குக் கிடைக்கின்றன. மூன்றை எடுத்து, ஒவ்வொன்றிலும் முப்பது குண்டுகள் சுட்டுப் பாருங்கள். எதில் முப்பதாவது குண்டும் முதல் குண்டைப் போலவே நிதானமாகப் போகிறதோ, அது உங்களுடையது.

ஒரு சகோதரனாக இன்னொன்றும் சொல்ல வேண்டும். கார் நிற்கும் இடத்தில் நல்ல வெளிச்சம் போடுங்கள்; கடையைப் பூட்டும்போது ஒரு பணியாளரை உடன் வைத்துக்கொள்ளுங்கள்; பையைக் கேட்பவனிடம் பையைக் கொடுத்துவிடுங்கள். துப்பாக்கி உங்கள் உயிருக்காக மட்டுமே உறையை விட்டு வெளியே வர வேண்டும்.

கேள்வி: டல்லாஸில் எச்1பி விசாவில் வேலை பார்க்கிறேன். அக்கம்பக்கத்தில் திருட்டு நடப்பதால் மனைவி பயப்படுகிறாள். நான் துப்பாக்கி வாங்கலாமா?

பதில்: வேண்டாம். எச்1பி, எல்1, எஃப்1, எச்4 போன்ற தற்காலிக விசாக்களில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதைக் கூட்டாட்சிச் சட்டம் பொதுவாகத் தடை செய்கிறது. நடப்பிலுள்ள மாநில வேட்டை உரிமம் வைத்திருப்பது போன்ற சில விலக்குகள் உண்டு; ஆனால் அவற்றை நம்பி நடக்கும் முன் துப்பாக்கிச் சட்டமும் குடிவரவுச் சட்டமும் தெரிந்த வழக்கறிஞரிடம் எழுத்தில் கருத்துப் பெற வேண்டும். சுடுதளத்தில் வாடகைத் துப்பாக்கியை ஒரு மணி நேரம் கையில் எடுப்பதும் வைத்திருப்பதாகவே கருதப்படும் என்பது நம்மவர்களில் பலருக்குத் தெரிவதில்லை. நண்பர்களோடு விளையாட்டாகப் போய், படம் எடுத்து, உலகுக்கே காட்டுகிறார்கள். இக்குற்றத்துக்கு 15 ஆண்டுகள் வரை சிறைத் தண்டனை உண்டு. நாடு கடத்தப்படவும் அது காரணமாகும்.

பச்சை அட்டை பெற்றவர்களுக்கு இத்தடை இல்லை. மனைவி பச்சை அட்டை வைத்திருந்து கணவர் எச்1பியில் இருந்தால், துப்பாக்கிப் பெட்டியின் சாவியோ எண்ணோ கணவரிடம் இருப்பதுகூடச் சிக்கலாகலாம். உங்களுக்கு இப்போது வேண்டியவை உறுதியான கதவு, எச்சரிக்கை மணி, நல்ல பூட்டு.

கேள்வி: 9 மில்லிமீட்டர் போதாது, .45 வாங்கு என்று நண்பர் வற்புறுத்துகிறார். உண்மையா?

பதில்: உங்கள் நண்பரின் கருத்துக்கு ஒரு வரலாறு உண்டு. 1986 ஏப்ரலில் மயாமியில் எஃப்பிஐ அதிகாரிகளுக்கும் இரு கொள்ளையருக்கும் நடந்த துப்பாக்கிச் சண்டையில் இரண்டு அதிகாரிகள் உயிரிழந்தனர். கொள்ளையன் ஒருவனின் உடலில் பாய்ந்த 9 மில்லிமீட்டர் குண்டு இதயத்தை எட்டுமுன் நின்றுவிட, அவன் தொடர்ந்து சுட்டான். அதன் பிறகு எஃப்பிஐ பெரிய காலிபர்களை நோக்கிப் போயிற்று. குண்டுகளைச் சோதிக்கக் கடுமையான முறை ஒன்றையும் வகுத்தது. கனத்த துணியைக் கடந்த பின்னும், உடல் தசையைப் போன்ற ஜெலட்டினில் 12 முதல் 18 அங்குலம் வரை குண்டு செல்ல வேண்டும் என்பது அதன் அளவுகோல். இந்தச் சோதனைக்கு ஏற்பக் குண்டுகள் மேம்பட்டன. மேம்பட்ட குண்டுகளோடு, 2010களின் நடுவில் எஃப்பிஐ மீண்டும் 9 மில்லிமீட்டருக்கே திரும்பிவிட்டது. உதை குறைவு, கொள்ளளவு அதிகம், அதிகாரிகள் விரைவாகவும் சரியாகவும் சுடுகிறார்கள் என்பவையே அதற்குச் சொல்லப்பட்ட காரணங்கள். சிறிய துப்பாக்கிக்கு இந்தக் காரணங்கள் இன்னும் கூடுதலாகப் பொருந்தும்.

பாதுகாப்புக்கென வைத்திருக்கும் தோட்டா, முனையில் குழி உள்ளதாக இருக்கட்டும். அது உடலுக்குள் விரிந்து நிற்பதால், துளைத்துக்கொண்டு வெளியேறிப் பின்னால் நிற்பவரைத் தாக்கும் வாய்ப்புக் குறைவு. நியூ ஜெர்ஸியில் இவ்வகைத் தோட்டாவுக்குத் தனிக் கட்டுப்பாடுகள் உண்டு. அங்கும் கலிபோர்னியா, நியூயார்க் போன்ற சில மாநிலங்களிலும் மேகசினில் பத்துத் தோட்டாக்களுக்கு மேல் கூடாது.

கேள்வி: பி365 வாங்கிவிட்டேன். மலிவாகக் கிடைத்த துணி உறை ஒன்றில் இடுப்பில் செருகிக்கொள்கிறேன். தானாக வெடித்துவிடுமோ என்ற அச்சத்தில், குழலின் அறையில் தோட்டா ஏற்றாமல் வைத்திருக்கிறேன். இது சரியா? என் மனைவி கைப்பையில் வைத்துக்கொள்ளலாமா?

பதில்: உங்கள் அச்சம் நியாயமானது, ஆனால் அதற்கான மருந்து உறையில் இருக்கிறது. தரமான புதிய பிஸ்டல் டிரிகர் அழுந்தாமல் வெடிக்காது. டிரிகரை எது அழுத்தும் என்பதே கேள்வி. துணி உறை நாளடைவில் மடிந்து, அதன் விளிம்பே டிரிகர் வளையத்துக்குள் புகுந்துவிடும். கைடெக்ஸ் எனப்படும் கெட்டியான பிளாஸ்டிக்கில், உங்கள் துப்பாக்கியின் மாதிரிக்கென்றே வார்த்த உறையை வாங்குங்கள். டிரிகர் முழுவதும் மூடியிருக்க வேண்டும்; துப்பாக்கியை உருவிய பிறகும் உறையின் வாய் விரிந்தபடியே நிற்க வேண்டும். அதைத் தாங்க, கெட்டியான இடுப்புவாரும் வேண்டும். உறைக்கும் வாருக்கும் தனியே பணம் ஒதுக்காதவர்களைத் துப்பாக்கி வாங்க வேண்டாம் என்றே சொல்வேன்.

துப்பாக்கியைத் திரும்பச் செருகும் நேரமே மிக ஆபத்தானது. மேல்சட்டையின் கயிற்று நுனியில் மாட்டியிருக்கும் சிறு பிளாஸ்டிக் முடிச்சு, மடிந்த சட்டை ஓரம், மறந்துபோன ஆள்காட்டி விரல் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று டிரிகருக்கும் உறைக்கும் நடுவே சிக்கினால், அழுத்தும் வேலையை உங்கள் கையே செய்துவிடும். இடக்கையால் சட்டையை நெஞ்சுவரை தூக்கிப் பிடித்து, கண்ணால் உறையின் வாயைப் பார்த்து, மெதுவாகச் செருகுங்கள். அவசரமாக உருவ வேண்டிய நாள் வரலாம். அவசரமாகச் செருக வேண்டிய நாள் வரவே வராது.

குழலின் அறையில் தோட்டா இல்லாவிட்டால், ஆபத்தில் ஸ்லைடை இழுக்க இரண்டு கைகளும் வேண்டும். ஒரு கையால் குழந்தையைத் தள்ளிவிட்டுக்கொண்டோ தாக்குபவனைத் தடுத்துக்கொண்டோ இருப்பீர்கள். ஆனாலும் நல்ல உறையும் ஒழுங்கான பயிற்சியும் வரும்வரை, இப்போது நீங்கள் செய்வதையே செய்யுங்கள். வீட்டில் தோட்டா இல்லாத துப்பாக்கியோடு பழகலாம். தோட்டாக்கள் எல்லாம் வேறு அறையில் இருக்க வேண்டும், குழலின் அறை காலியாக இருப்பதைக் கண்ணாலும் விரலாலும் இருமுறை பார்க்க வேண்டும். மனத்துக்கு இன்னும் ஆறுதல் வேண்டுமானால், கையால் இயக்கும் பாதுகாப்புப் பூட்டோடு கூடிய பி365-உம் கிடைக்கிறது.

கைப்பையைப் பொறுத்தவரை, என் பதில் கடுமையானது. 2014 டிசம்பர் இறுதியில், ஐடஹோ மாநிலத்தின் ஹேடன் நகரில், ஓர் அங்காடியில் தள்ளுவண்டியில் உட்கார்ந்திருந்த இரண்டு வயதுக் குழந்தை, தாயின் கைப்பைக்குள் இருந்த துப்பாக்கியை எடுத்துச் சுட்டதில் அந்தத் தாய் அங்கேயே இறந்துபோனார். துப்பாக்கி வைப்பதற்கென்றே தனி அறை அமைத்துத் தைத்த பை அது. பை நாற்காலியில் தொங்கும், தோழியின் கைக்குப் போகும், திருடன் முதலில் பறிப்பதும் அதைத்தான். சுரிதாரின் நாடா துப்பாக்கியைத் தாங்காது என்பதே நம் பெண்களின் தடை. அதற்கு வயிற்றைச் சுற்றிக் கட்டும் அகலப் பட்டைகள் கிடைக்கின்றன. அவற்றிலும் டிரிகரை மூடும் கெட்டியான உறை உள்ளே இருப்பதை மட்டுமே வாங்க வேண்டும்.

கேள்வி: உரிமமே தேவையில்லை என்றான பிறகு வகுப்புக்குப் போய் உரிமம் வாங்குவதால் என்ன பயன்?

பதில்: பயன் உண்டு. டெக்சஸ் உரிமத்தைப் பல மாநிலங்கள் ஏற்கின்றன. பள்ளிகளைச் சுற்றி ஆயிரம் அடிக்குள் துப்பாக்கி கூடாது என்னும் கூட்டாட்சிச் சட்டத்திலிருந்து, உரிமம் தந்த மாநிலத்துக்குள் உரிமம் உள்ளவருக்கு விலக்கும் கிடைக்கிறது. தேர்வில் 3, 7, 15 கஜ தூரங்களில் 50 குண்டுகள் சுட்டு, 250க்கு 175 மதிப்பெண் பெற வேண்டும். இதில் தடுமாறுபவர் இன்னும் தெருவுக்குத் துப்பாக்கியோடு வரத் தயாராகவில்லை என்பது என் கருத்து. எங்கெல்லாம் கொண்டுபோகக் கூடாது என்பதும் வகுப்பில்தான் தெளிவாகும். கடை வாசலில் ஆங்கிலத்திலும் ஸ்பானிய மொழியிலும் ஓர் அங்குல உயர எழுத்தில், டெக்சஸ் தண்டனைச் சட்டத்தின் 30.06 பிரிவைச் சுட்டும் தடைப் பலகை இருந்தால், உரிமம் இருந்தாலும் மறைத்து வைத்த துப்பாக்கியோடு உள்ளே போகக் கூடாது.

கேள்வி: வீட்டில் ஒன்பது வயது மகனும் பதினைந்து வயது மகளும் இருக்கிறார்கள், ஊரிலிருந்து பெற்றோரும் வந்திருக்கிறார்கள். அலமாரியின் மேல்தட்டில் துணிகளுக்கு அடியில் வைத்திருக்கிறேன். அது போதுமா?

பதில்: போதாது. உங்கள் மகனுக்கு அந்த இடம் இப்போதே தெரிந்திருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். தோட்டா ஏற்றிய துப்பாக்கியை அலட்சியமாக வைத்து, அது 17 வயது நிரம்பாத பிள்ளையின் கைக்குக் கிடைத்துவிட்டால், வைத்தவர் செய்தது டெக்சஸில் குற்றம். விரல் அழுத்தும் எண் பொத்தான்களால் இரண்டு, மூன்று நொடிகளில் திறக்கும் சிறு இரும்புப் பெட்டியை வாங்கி, கட்டிலோடோ சுவரோடோ போல்ட் போட்டு முறுக்குங்கள். உடம்பில் இல்லாத ஒவ்வொரு நிமிடமும் துப்பாக்கி அதற்குள்தான் இருக்க வேண்டும்.

நாம் வீட்டில் பேசத் தயங்கும் ஒன்றையும் எழுதியே ஆக வேண்டும். 2022இல் அமெரிக்காவில் துப்பாக்கியால் இறந்த சுமார் 48,000 பேரில் 27,000 பேர் தம்மைத் தாமே சுட்டுக்கொண்டவர்கள். மற்ற வழிகளில் முயன்று பிழைத்தவர்கள் ஏராளம். துப்பாக்கி பெரும்பாலும் பிழைக்க விடுவதில்லை. தேர்வு, வேலை இழப்பு, மண முறிவு என்று வீட்டில் யாருடைய மனமாவது தளர்ந்திருக்கும் காலத்தில், துப்பாக்கியை வீட்டை விட்டே அப்புறப்படுத்துங்கள். சில கடைகளும் சுடுதளங்களும் தற்காலிகமாக வாங்கி வைத்துக்கொள்கின்றன. கேட்பதில் வெட்கம் வேண்டாம். தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணான 988-ஐ எந்நேரமும் அழைக்கலாம்.

கேள்வி: பொங்கலுக்குச் சென்னை போகிறேன். துப்பாக்கியை வீட்டில் பூட்டி வைத்துவிட்டால் வேறு எதையாவது கவனிக்க வேண்டுமா?

பதில்: உங்கள் பைகளைக் கவனிக்க வேண்டும். இந்திய விமான நிலையங்களில் பையின் மூலையில் மறந்துபோன ஒற்றைத் தோட்டாவுக்காக வெளிநாட்டுவாழ் இந்தியர்கள் பிடிபடுவது உண்டு. அங்கே 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி, உரிமம் இல்லாமல் தோட்டா வைத்திருப்பதே குற்றம். தெரியாமல் இருந்துவிட்டது என்று நீதிமன்றத்தில் நிரூபித்து வெளிவருபவர்கள் உண்டு என்றாலும், அதற்குள் விடுமுறையும் விமானச் சீட்டும் போயிருக்கும். இங்கேயும் நிலைமை ஒன்றும் மெச்சத்தக்கதாக இல்லை. 2023இல் அமெரிக்க விமான நிலையச் சோதனைகளில் கைப்பைகளில் 6,700க்கும் மேற்பட்ட துப்பாக்கிகள் அகப்பட்டன, பெரும்பாலானவற்றில் தோட்டா ஏற்றியிருந்தது.

சுடுதளத்துக்குக் கொண்டுபோன எந்தப் பையையும் பயணத்துக்கு எடுக்காதீர்கள். அந்த ஒரு பைதான் இருக்கிறதென்றால், வெளிச்சத்தில் கவிழ்த்துத் தட்டி, ஒவ்வொரு ஜேபியிலும் விரலை விட்டுத் தடவி, உள்துணியின் தையல் பிரிந்திருக்கிறதா என்றும் பாருங்கள். 9 மில்லிமீட்டர் தோட்டா மூன்று சென்டிமீட்டர் நீளம்தான், கிழிந்த உள்துணிக்குள் நழுவிவிட்டால் வெளியிலிருந்து தெரியாது. சுடுதளத்துக்கு அணிந்துபோன ஜாக்கெட்டின் ஜேபிகளையும் அப்படியே பாருங்கள்.